மீட்டர் 27 வோல்ட் காட்டுகிறது, ஹம்மிங் மட்டும் போகவில்லை: ஒரு ஆம்ப்ளிஃபையர் பவர் சப்ளை பழுது பார்த்த பதிவு

பெட்டிக்குள் இருந்தவை: 160 வி.ஏ. டொராய்டு (வளைய வடிவ) ட்ரான்ஸ்ஃபார்மர், அதில் தனித்தனியாக இரண்டு 18 வோல்ட் செகண்டரி (வெளியீட்டு வைண்டிங்), ஏ.சி.யை டி.சி. ஆக்கும் நான்கு டயோடு கொண்ட கே.பி.பி.சி.2510 பிரிட்ஜ் ஒன்று, பிளஸ் லைனுக்கும் மைனஸ் லைனுக்கும் ஆளுக்கொரு 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கெப்பாசிட்டர், எல்.எம்.3886 ஐ.சி. போட்ட பவர் போர்டு இரண்டு. பவர் போர்டுக்கு முன்னால் சிக்னலைக் கையாளும் ப்ரீஆம்புக்குத் தனியாக ஒரு சின்ன 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மர், அதன் பின்னால் பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட்டை நிலையாக வைக்கும் 7812, 7912 ரெகுலேட்டர்கள். மெயின்ஸ் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

புகார்: இரண்டு சேனலிலும் ஹம்மிங். வால்யூம் ஏற்றினால் பேஸ் அடிக்கும்போது கரகரப்பு. மாலை நேரத்தில் ஹம்மிங் இன்னும் அதிகம். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பிளஸ் 27, மைனஸ் 27. கணக்கும் ஒத்துப்போகிறது. லோடு இல்லாதபோது இந்த அளவு டொராய்டில் 18 வோல்ட் செகண்டரி 19.5 வரை ஏறி நிற்கும், அதை 1.414-ஆல் பெருக்கி, ஒரு டயோடுக்கு 0.7 கழித்தால் 26.9. அதனால்தான் பலர் இந்த இடத்தில் "சப்ளை நன்றாக இருக்கிறது" என்று முடிவுகட்டி, போர்டை நோண்ட ஆரம்பிக்கிறார்கள். லோடு இல்லாமல் எடுத்த வோல்டேஜ் பவர் சப்ளையைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. பெரிய கெப்பாசிட்டரை ஒரே ஒரு டயோடு கூட உச்ச வோல்டேஜ் வரை ஏற்றிவிடும்.

கை வைப்பதற்கு முன்

10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 27 வோல்ட்டில் சுமார் 3.6 ஜூல் வைத்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடித்தால் முனை கருகும், கெப்பாசிட்டரின் உள்ளிணைப்பும் பலவீனமாகும். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் வயர் வைத்து ஐந்து விநாடி பிடித்தால் போதும். நிரந்தரமாக ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் குறுக்கே 2.2 கிலோ ஓம், 1 வாட் போட்டுவிடுவது நல்லது. அதில் வீணாவது மூன்றில் ஒரு வாட்தான்; சுவிட்சை அணைத்து ஒன்றரை நிமிடத்தில் வோல்டேஜ் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும்.

அடுத்தது சீரியஸ் பல்பு. மெயின்ஸின் லைவ் வயரில் வரிசையாக 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்று. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. சூடாகும்போது ரெசிஸ்டன்ஸ் ஏறும் டங்ஸ்டன் இழைதான் இங்கே வேலை செய்கிறது. சுவிட்ச் போட்டதும் பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் கெப்பாசிட்டர்கள் ஏறுகின்றன, நல்ல அறிகுறி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். உடனே அணைத்துவிட வேண்டும். பல்பு இருக்கிறதே என்று நிதானமாக நிற்கக்கூடாது. தலைகீழாகப் போட்ட கெப்பாசிட்டர் பல்பு வெளிச்சத்திலேயே வீங்கிவிடும். மைனஸ் லைனில்தான் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும்: அங்கே கெப்பாசிட்டரின் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும், மைனஸ் பட்டை போட்ட கால் மைனஸ் லைனுக்கு.

இந்தப் பெட்டியில் பல்பு ஒழுங்காக மங்கியது. ஷார்ட் எதுவும் இல்லை.

ஹம்மிங்கின் வகை

ஹம்மிங் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு சத்தங்கள் இருக்கின்றன. ஆழமாக, வட்டமாக "ம்ம்" என்று வருவது 50 ஹெர்ட்ஸ். அதைவிடக் கூர்மையாக, "ஜ்ஜ்" என்று உரசலோடு வருவது 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். மெயின்ஸ் 60 ஹெர்ட்ஸாக இருக்கும் இடங்களில் 60, 120 என்று படிக்கவும். பிரிட்ஜ் இரண்டு அரைச்சுற்றையும் நேராக்குவதால் ஒழுங்கான சப்ளையின் ரிப்பிள் (டி.சி.யில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) 100-இல்தான் இருக்க வேண்டும். 50 கேட்டால் மூன்று சந்தேகங்கள்: ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் வயரில் ஏறுகிறது, வெளிக்கருவியோடு கிரவுண்ட் லூப் (கிரவுண்ட் இரு வழியாக இணைந்து உருவாகும் வளையம்) இருக்கிறது, அல்லது பிரிட்ஜ் பாதி வேலைதான் செய்கிறது. மூன்றாவதை யாரும் சந்தேகிப்பதில்லை.

காது பிரித்தறியத் தடுமாறினால், போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப் ஒன்றை ஸ்பீக்கர் அருகே வைத்துப் பார்க்கலாம். போன் மைக் 50 ஹெர்ட்ஸில் பலவீனமானது. அதனால் மேலே உள்ள மடங்குகளைப் பார்க்க வேண்டும். 150, 250 தெரிந்தால் அடிப்படை 50. 100, 200, 300 மட்டும் தெரிந்தால் அடிப்படை 100.

பிறகு இரண்டு சின்னச் சோதனைகள். பவர் போர்டின் இன்புட்டை அதே போர்டின் இன்புட் கிரவுண்டோடு ஷார்ட் செய்தபோது ஹம்மிங் குறைந்தது, நிற்கவில்லை. ஆக, ஒரு பகுதி ப்ரீஆம்பிலிருந்து, மறுபகுதி பவர் பக்கத்திலிருந்து. ப்ரீஆம்பைத் திரும்ப இணைத்து வால்யூமைத் திருகினால் ஹம்மிங்கில் ஒரு பங்கு கூடிக் குறைந்தது. அந்தப் பங்கு வால்யூம் கன்ட்ரோலுக்கு முன்னால் பிறக்கிறது. போனில் 50, 100 இரண்டின் மடங்குகளும் கலந்து தெரிந்தன. ஒரே பழுது என்று தேடியிருந்தால் சுற்றிச் சுற்றி வந்திருக்க வேண்டியதுதான்.

லோடு கொடுத்துப் பார்த்தல்

ஆம்ப் போர்டுகளின் சப்ளை வயர்களைக் கழற்றிவிட்டு, பிளஸ் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 47 ஓம், 25 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்று, மைனஸ் லைனுக்கும் அதேபோல் ஒன்று. ஒவ்வொன்றிலும் அரை ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடும், 13 வாட் சூடாகும். அலுமினிய உடல் கொண்டவை என்றால் ஹீட்சிங்கில் திருகியே வைக்க வேண்டும். சீரியஸ் பல்பு இந்தக் கட்டத்தில் வேண்டாம், அது வோல்டேஜை இறக்கி அளவைக் கெடுக்கும்.

எதிர்பார்க்க வேண்டிய ரிப்பிள் என்ன? கரண்ட்டை, ரிப்பிள் அதிர்வெண்ணும் கெப்பாசிட்டர் மதிப்பும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 0.53 ஆம்பியர், 100 ஹெர்ட்ஸ், 0.01 ஃபாரட்: உச்சிக்கு உச்சி 0.53 வோல்ட். இது மேல் எல்லை. டயோடு கடத்தும் நேரத்தைக் கழித்தால் 0.4 அளவில் நிற்கும். மல்டிமீட்டரை ஏ.சி. ரேஞ்சில் வைத்தால் ஏறத்தாழ 0.12 காட்ட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில மலிவு மீட்டர்கள் ஏ.சி. ரேஞ்சில் டி.சி.யைத் தடுப்பதில்லை. ஏ.சி. ரேஞ்சில் ஒரு 9 வோல்ட் பேட்டரியை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 19, 20 என்றும், முனைகளை மாற்றினால் பூஜ்ஜியம் என்றும் காட்டினால் அந்த மீட்டர் ரிப்பிள் அளக்க லாயக்கில்லை. சிவப்பு முனையோடு வரிசையாக 1 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

அளந்தபோது இரண்டு லைனிலும் ரிப்பிள் 0.27 வந்தது, எதிர்பார்த்ததைவிட இரு மடங்கு. கெப்பாசிட்டர் காய்ந்து மதிப்பு குறைந்திருந்தாலும் இப்படி வரலாம். ஆனால் இரண்டும் ஒரே அளவில் காய்ந்திருக்க வாய்ப்பு குறைவு, அதோடு 50 ஹெர்ட்ஸ் ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது. பிறகு மைனஸ் பக்க ரெசிஸ்டரைக் கழற்றி, பிளஸ் பக்கம் மட்டும் லோடு விட்டதும் ட்ரான்ஸ்ஃபார்மரே உறுமத் தொடங்கியது. அரைச்சுற்று மட்டும் கரண்ட் இழுக்கப்படும்போது கோருக்குள் டி.சி. புகுந்து அது செறிவு நிலையை (அதற்கு மேல் காந்தப்புலம் ஏற்க முடியாத நிலையை) நெருங்கும். இந்த விஷயத்தில் டொராய்டு மிகவும் தொட்டாற்சிணுங்கி.

காரணம் செகண்டரிகளின் ஃபேஸ். இரண்டு வைண்டிங்கையும் வரிசையாக இணைத்து நடுவில் கிரவுண்ட் எடுக்கும்போது, ஒன்றின் முடிவும் மற்றதன் தொடக்கமும் சேர வேண்டும். இதில் தொடக்கமும் தொடக்கமும் சேர்ந்திருந்தன. அப்படிச் சேர்ந்தால் பிரிட்ஜின் இரண்டு ஏ.சி. முனைகளும் ஒரே நேரத்தில் மேலே போய், ஒரே நேரத்தில் கீழே வரும். முதல் அரைச்சுற்றில் பிளஸ் லைன் ஏறும், அடுத்ததில் மைனஸ் லைன். எதுவும் புகையாது, ஃபியூஸ் போகாது, மீட்டர் 27 காட்டும். முழு பிரிட்ஜ் இருந்தும் கிடைப்பது அரை அலை சப்ளைதான்.

கண்டுபிடிக்க ஒரே அளவு போதும்: பிரிட்ஜின் இரண்டு ஏ.சி. முனைகளுக்கு இடையே ஏ.சி. வோல்டேஜ். 36-க்கு மேல் வர வேண்டும். இங்கே ஒரு வோல்ட் கூட வரவில்லை. ஏதாவது ஒரு செகண்டரியின் இரண்டு வயர்களை இடம் மாற்றியதும் 38 வந்தது, ரிப்பிள் 0.12-க்கு இறங்கியது. வால்யூம் ஏற்றினால் வந்த கரகரப்பும் இதோடு தீர்ந்தது: பேஸ் அடிக்கும்போது 50 ஹெர்ட்ஸ் பள்ளங்களில் வோல்டேஜ் இறங்கி, ஐ.சி. கிளிப் ஆகி, அலையின் உச்சி வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது.

இதே அறிகுறி ஒரே ஒரு லைனில் மட்டும் இருந்தால் பிரிட்ஜில் ஒரு டயோடு திறந்திருக்கிறது. டயோடு ரேஞ்சில் நான்கையும் பாருங்கள். ஒரு திசையில் 0.5 முதல் 0.6, மறுதிசையில் ஒன்றும் இல்லை என்பதே சரி. அளக்கும் முன் ட்ரான்ஸ்ஃபார்மர் வயரைக் கழற்றாவிட்டால் வைண்டிங் வழியாகப் பொய் அளவு வரும். டயோடு ஷார்ட் ஆகியிருந்தால் தேட வேண்டிய அவசியமே இல்லை, ஃபியூஸ் சொல்லிவிடும்.

நடு வயர் விட்டுப்போனால் கதை வேறு. பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் இடையே 54 வோல்ட் ஒழுங்காக நிற்கும், ஆனால் கிரவுண்டிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் 36, மறுபக்கம் 18 என்று சாய்ந்திருக்கும். இரு முனைகளுக்கிடையே மட்டும் அளந்து திருப்தி அடைந்தால் இது தப்பிவிடும். சப்ளையை எப்போதும் கெப்பாசிட்டர்களின் பொது முனையிலிருந்து இரு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

மிஞ்சிய "ஜ்ஜ்": கிரவுண்ட் வயரின் இடம்

ஃபேஸ் சரியான பிறகு ஆழமான ஹம்மிங் போயிற்று. கூர்மையான 100 ஹெர்ட்ஸ் உரசல் மிஞ்சியது. ரிப்பிள் அளவாகவே இருக்கிறது, எல்.எம்.3886 சப்ளை ரிப்பிளை நன்றாகவே தள்ளக்கூடிய ஐ.சி. அப்படியானால் சத்தம் சப்ளை லைன் வழியாக வரவில்லை, கிரவுண்ட் வழியாக வருகிறது.

வீட்டில் செய்த ஆம்ப்ளிஃபையர்களில் நல்ல பாகங்கள் போட்டும் உரசல் போகாததற்கு இதுவே முதல் காரணம் என்பேன். கெப்பாசிட்டர் சீராகக் கரண்ட் வாங்குவதில்லை. அலையின் உச்சியில் சில மில்லி விநாடி மட்டும் டயோடு திறக்கும். பத்து மில்லி விநாடிக்கு வேண்டியதை அதற்குள் இழுக்க வேண்டும். எனவே சராசரி 1 ஆம்பியர் என்றால் துடிப்பின் உச்சம் 5 முதல் 10 ஆம்பியர். இந்தத் துடிப்பு ட்ரான்ஸ்ஃபார்மரின் நடு வயரிலிருந்து கெப்பாசிட்டர்களின் பொது முனை வரை உள்ள வயரில் ஓடுகிறது. 1 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 1.7 மில்லி ஓம். அதில் 7 ஆம்பியர் துடித்தால் 12 மில்லிவோல்ட். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ப்ரீஆம்பின் கிரவுண்ட் வயர் இந்த நீளத்தின் தவறான முனையில் சேர்ந்திருந்தால் அந்த 12 மில்லிவோல்ட் சிக்னலோடு வரிசையாகச் சேர்ந்து, 21 மடங்கு கெயினில் ஸ்பீக்கரில் கால் வோல்ட் ஆகும். அமைதியான அறையில் இது தெளிவாகக் கேட்கும்.

பெட்டியில் நடந்திருந்ததும் அதுவே. பிரிட்ஜ் பக்கத்தில், நடு வயர் வந்து இறங்கும் கனெக்டரிலேயே ப்ரீஆம்ப் கிரவுண்டும் திருகப்பட்டிருந்தது. மின்சாரப் படத்தில் இரண்டும் ஒரே புள்ளி. நிஜத்தில் நடுவில் ஒரு சாண் வயர்.

மாற்றிய முறை இது. நடு வயர்கள் இரண்டும் நேராகக் கெப்பாசிட்டர்களின் பொது முனைக்கு. அங்கே வேறு எதுவும் சேரக்கூடாது. அந்தப் பொது முனையிலிருந்து ஒரு குட்டையான தடித்த வயர், அதன் மறுமுனை ஸ்டார் கிரவுண்ட், அதாவது எல்லாக் கிரவுண்ட் வயரும் வந்து சேரும் ஒரே புள்ளி. ஸ்பீக்கர் ரிட்டர்ன், பவர் போர்டுகளின் கிரவுண்ட், ப்ரீஆம்ப் கிரவுண்ட் எல்லாம் ஸ்டாருக்குத் தனித்தனி வயரில். செகண்டரி வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி, இன்புட் வயர்களிலிருந்து விலக்கிக் கொண்டுபோக வேண்டும். உரசல் காதை ஸ்பீக்கரில் ஒட்டினால் மட்டும் கேட்கும் அளவுக்கு வந்தது.

எர்த் பற்றி. உலோகப் பெட்டி என்றால் மெயின்ஸ் எர்த் பெட்டியோடு நேராக, தனித் திருகில் இணைய வேண்டும். ஹம்மிங் போகிறது என்று எர்த் பின்னைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. கிரவுண்ட் லூப்பைத் தணிக்க வேண்டுமானால் ஸ்டார் கிரவுண்டுக்கும் பெட்டிக்கும் இடையே 10 ஓம் ரெசிஸ்டர், அதற்கு இணையாக 100 நானோஃபாரட், கூடவே எதிரெதிராக டயோடுகள். டயோடுக்கு 25 அல்லது 35 ஆம்பியர் பிரிட்ஜ் ஒன்றை எடுத்து, அதன் பிளஸ், மைனஸ் முனைகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டு, ஏ.சி. முனைகள் இரண்டையும் ரெசிஸ்டரின் இரு பக்கமும் இணைக்கலாம். லைவ் எங்காவது உள்ளே தொட்டால் பிரிட்ஜ் கரண்ட்டைத் தாங்கும், ஃபியூஸ் போகும். சாதாரண நேரத்தில் லூப் கரண்ட்டுக்கு 10 ஓம் தடையாக நிற்கும்.

மாலை ஹம்மிங்: 7812-க்கு மூச்சுமுட்டல்

வால்யூமோடு கூடும் ஹம்மிங் இன்னும் பாக்கி. நேரத்துக்கு நேரம் மாறுகிறது என்பதே துப்பு: மெயின்ஸ் வோல்டேஜ் இறங்கும்போது வருகிறது. 7812 தன் 12-ஐக் காக்க இன்புட்டில் சுமார் 14 வோல்ட் எப்போதும் வேண்டும், ரிப்பிளின் பள்ளத்திலும் வேண்டும். ப்ரீஆம்ப், ரிலே, புளூடூத் போர்டு எல்லாம் சேர்ந்து பிளஸ் பக்கம் 150 மில்லி ஆம்பியர். ட்ரான்ஸ்ஃபார்மர் 250 மில்லி ஆம்பியர் வகை, அதாவது இந்த லோடில் 12 வோல்ட்டுக்கு மேல் தாராளமாக எதுவும் தராது. உச்சம் 16.2. ஃபில்டர் கெப்பாசிட்டர் வெறும் 470 மைக்ரோஃபாரட்; ரிப்பிள் இரண்டரை வோல்ட். பள்ளம் 13.7. மெயின்ஸ் பத்து சதவீதம் இறங்கினால் 12. அந்த நொடிகளில் ரெகுலேட்டர் வெறும் வயர்போல் ரிப்பிளை அப்படியே கடத்திவிடும். மீட்டர் டி.சி. சராசரியைத்தான் காட்டும், 11.9 என்று படித்துவிட்டுப் போய்விடுவோம். ஏ.சி. ரேஞ்சில் ரெகுலேட்டர் அவுட்புட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

470-ஐ 2200 மைக்ரோஃபாரட், 35 வோல்ட்டாக மாற்றியதும் ரிப்பிள் 0.7-க்குள் வந்தது, மாலை ஹம்மிங் போனது. மெயின்ஸ் அடிக்கடி 200-க்கும் கீழே போகும் என்றால் கெப்பாசிட்டரை இன்னும் பெருக்கிப் பயனில்லை, 15-0-15 ட்ரான்ஸ்ஃபார்மர் போடுவதே தீர்வு.

7912-ஐத் தொடும்போது இரண்டு விஷயம். கால்கள் 7812-இன் வரிசையில் இல்லை. எழுத்துப் பக்கம் நம்மைப் பார்த்திருக்க, இடமிருந்து 7812-க்கு இன்புட், கிரவுண்ட், அவுட்புட். 7912-க்கு கிரவுண்ட், இன்புட், அவுட்புட். அதைவிட வஞ்சகமானது முதுகுத் தகடு: 7812-இல் அது கிரவுண்ட், 7912-இல் இன்புட். இரண்டையும் மைக்கா இன்சுலேட்டர் இல்லாமல் ஒரே ஹீட்சிங்கில் திருகினால் மைனஸ் இன்புட் கிரவுண்டோடு ஷார்ட். எல்.எம்.317, 337 ஜோடியிலும் இதே பொறி உண்டு; 317-இன் தகடு அவுட்புட், 337-இன் தகடு இன்புட்.

7912 அவுட்புட்டில் கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் அலைபாயும். 1 மைக்ரோஃபாரட் டான்டலம், அல்லது 25 மைக்ரோஃபாரட்டும் அதற்கு மேலும் உள்ள எலெக்ட்ரோலிட்டிக், ரெகுலேட்டரின் காலருகே வேண்டும். இரு அவுட்புட்டிலும் கிரவுண்டுக்குத் தலைகீழாக ஒரு 1என்4001 போடுவது வழக்கம். ஒரு பக்கம் முந்திக்கொண்டு எழும்போது மறுபக்க ரெகுலேட்டர் எதிர்த்திசையில் இழுக்கப்பட்டு, எழாமலே நின்றுவிடுவதை அது தடுக்கும்.

சப்ளை என்று பழி விழும் மற்றவை

ஃபியூஸ் சுவிட்ச் போட்டதும் போகிறது, ஆனால் சீரியஸ் பல்பில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றால் அது டொராய்டின் தொடக்கக் கரண்ட்டாக இருக்கலாம். சற்றுத் தாமதித்தே போகும் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் போட வேண்டும், 160 வி.ஏ.க்கு 1.6 ஆம்பியர் தாங்கும். பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் என்றால், சூடாகும்போது ரெசிஸ்டன்ஸ் இறங்கும் என்.டி.சி. தெர்மிஸ்டர் ஒன்றும் வரிசையாக.

டொராய்டின் நடுத் திருகு மேல்மூடியையும் கீழ்த்தட்டையும் ஒருசேரத் தொட்டால், திருகும் பெட்டியும் சேர்ந்து ஷார்ட் ஆன ஒற்றைச் சுற்று வைண்டிங் ஆகிவிடும். மூடி திறந்திருக்கும்போது நன்றாக இருந்து, மூடியதும் ஃபியூஸ் போகும் பெட்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதை.

சிக்னல் இல்லாமலே ஐ.சி. கொதித்தால் சப்ளையைத் திட்ட வேண்டாம். பெரும்பாலும் ஐ.சி. காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் அலைபாய்கிறது. சப்ளை கால்களுக்கு மிக அருகே 100 நானோஃபாரட், போர்டிலேயே லைனுக்கு 470 மைக்ரோஃபாரட் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் மறுமூலையில் உள்ள 10,000 மைக்ரோஃபாரட் இந்த வேலைக்கு உதவாது, வயரின் இண்டக்டன்ஸ் குறுக்கே நிற்கும்.

கெப்பாசிட்டர் வோல்டேஜைக் கஞ்சத்தனமாகத் தேர்ந்தெடுப்பதும் வேண்டாம். "25 வோல்ட் சப்ளைதானே" என்று 25 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டால் லோடு இல்லாத 27-இலேயே எல்லை மீறுகிறது, மெயின்ஸ் பத்து சதவீதம் ஏறினால் 30. குறைந்தது 35, இடம் இருந்தால் 50. ஹீட்சிங்கை ஒட்டி நிறுத்தாமல் இருப்பதும் முக்கியம். பத்து டிகிரி சூடு கூடினால் எலெக்ட்ரோலிட்டிக்கின் ஆயுள் ஏறத்தாழப் பாதி.

திரும்ப மூடும்போது

போர்டுகளை இணைத்து, சீரியஸ் பல்போடு ஒருமுறை, பல்பு இல்லாமல் ஒருமுறை. ஸ்பீக்கர் இன்னும் வேண்டாம். இரண்டு லைனும் ஒரு வோல்ட் வித்தியாசத்துக்குள் சமமாக இருக்கிறதா, இன்புட் ஷார்ட் செய்த நிலையில் ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. எவ்வளவு என்று இரு சேனலிலும் அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் ஸ்பீக்கரை இணைக்கலாம். வோல்ட் கணக்கில் வந்தால் ஒரு லைன் ஐ.சி.க்குப் போய்ச் சேரவில்லை, அல்லது ஐ.சி. போய்விட்டது; ஐ.சி.யின் காலிலேயே மீட்டர் முனையை வைத்து முதலில் சப்ளையைப் பாருங்கள், கனெக்டரில் அல்ல.